எழுபது காட்டிய ஊசி

யாங்கோன் பபேடானில் எங்கள் கடையின் பின்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட அறை ஒன்று உண்டு. பத்தடிக்கு எட்டடி. உள்சுவர் முழுக்கச் சீடர் மரப் பலகை. தரையிலிருந்து கூரை வரை தட்டுகள், தட்டு நிறைய வெளிநாட்டுச் சுருட்டுப் பெட்டிகள். அந்த அறையின் சாவி பதினோரு வருஷம் என் இடுப்பில் இருந்தது. கடையில் இப்போது அந்தச் சாவிக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் உப்பில் கோட்டை விட்டேன் என்கிறார்கள். விட்டேன். அதை நானே சொல்லிவிடுகிறேன், இன்னொருத்தர் வாயால் வரவேண்டாம்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். ஒரு சுருட்டைக்கூட அவர் உதட்டில் வைத்ததில்லை. ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் போதும், எந்த நாட்டு இலை, எத்தனை வருஷம் கிடந்தது என்று சொல்லிவிடுவார். நான் அப்படியில்லை. எங்கள் ஊர்ச் சுருட்டு, சோள மட்டையை வாயில் வைத்துக் கட்டியது, தினம் ஒன்று பால்கனியில் உட்கார்ந்து பிடிப்பேன். பர்மாக்காரப் பெண் பிடித்தால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழச்சி பிடித்தால் பார்ப்பார்கள். பார்க்கட்டும், கண் அவர்களுடையது.

வேலைக்குச் சேர்ந்தபோது பெட்டி துடைக்கத்தான் சேர்ந்தேன். எட்டாவது வரை படித்தவள். அறையைக் கட்டிக்கொடுத்த கம்பெனிக்காரர்கள் ஒரு காகிதத்தையும் ஒரு வட்ட ஈரமானியையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். காகிதத்தில் இரண்டு எண்கள் பெரிதாக இருந்தன. சூடு இருபத்தொன்று. ஈரம் எழுபது. இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ள யாருக்கும் பொறுமை இல்லை, எனக்கு இருந்தது. அப்படித்தான் சாவி என்னிடம் வந்தது.

சுருட்டு காய்ந்த இலை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். காய்ந்தாலும் அது இலைதான், குடிக்கும், கக்கும். காற்றில் ஈரம் குறைந்தால் மேலிலை விரல் பட்டதும் அப்பளமாக உடையும். ஈரம் கூடினால் உள்ளிலை ஊதி மேலிலையைக் கிழிக்கும், பற்றவைத்தால் ஒரு பக்கம் எரிந்து ஒரு பக்கம் அணையும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். சூடு இருபத்தைந்தைத் தாண்டினால் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் முட்டை பொரிந்து வண்டு வரும். கடுகு அளவு வண்டு. பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு சுருட்டிலும் ஊசி குத்தினது மாதிரி ஓட்டை இருக்கும். ஈரத்துக்குப் பூஞ்சை, சூட்டுக்கு வண்டு. இந்த இரண்டு எதிரிகளும் யாங்கோனில்தான் குடியிருக்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அது புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஈரம் எழுபது என்றால் காற்றில் எழுபது பங்கு தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அந்தச் சூட்டில் காற்று எவ்வளவு குடிக்க முடியுமோ அதில் நூற்றுக்கு எழுபது குடித்திருக்கிறது என்று அர்த்தம். சூடு ஏற ஏறக் காற்றின் வயிறு பெரிதாகும். அதனால் இருபத்தொரு டிகிரியில் எழுபதும் முப்பது டிகிரியில் எழுபதும் ஒன்றல்ல. முப்பதில் எழுபது என்றால் தண்ணீர் எக்கச்சக்கம். சுருட்டு நிறைந்த மூடின அறையில் இன்னொரு வினோதம் நடக்கும். சூடு ஏறும்போது இலைகள் தாங்கள் குடித்து வைத்ததைக் காற்றில் கக்கும். அறைக்குள் யாரும் ஒரு சொட்டு ஊற்ற வேண்டாம், ஊசி தானாக மேலே போகும்.

ஊசி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் காகிதத்தில் வழி சொல்லியிருந்தது. ஒரு மூடியில் கொஞ்சம் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சேறு மாதிரி ஆக்கி, ஈரமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடிவிட வேண்டும். மறுநாள் ஊசி எழுபத்தைந்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி எழுபத்தைந்துக்குக் கொண்டுவர வேண்டும். உப்புக் கரைசலுக்குமேல் காற்று எப்போதும் எழுபத்தைந்துதான், எந்த ஊரிலும், எந்த நாளிலும் என்று எழுதியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. நம்பக்கூடிய ஒரு பொருள் சமையலறையிலேயே இருக்கிறதே என்று தோன்றியது.

நான் வீட்டிலிருந்து உப்பு கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் கல்லுப்புதான். மோன் மாநிலக் கடற்கரைப் பக்கமிருந்து மூட்டையில் வருவதைத் தெருமுனைக் கடையில் வாங்குவோம். குழம்புக்கும் அதுதான், ஊறுகாய்க்கும் அதுதான், திருஷ்டி கழிக்கவும் அதுதான். முதல் சோதனையில் ஊசி அறுபத்தொன்பதில் நின்றது. திருகைத் திருப்பி எழுபத்தைந்தில் வைத்தேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம் அதே மாதிரி, அதே கல்லுப்பில் சோதித்தேன். அந்தத் திருகை அதற்குப்பின் தொட வேண்டியே வரவில்லை. அப்படி ஒரு ஊசி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்புறம் மின்சாரம் போகத் தொடங்கியது. முதலில் எப்போதாவது, பிறகு முறை வைத்து. நாலு மணி நேரம் இருக்கும், எட்டு மணி நேரம் இருக்காது. வந்ததும் தெருவே “மீ லாபி” என்று கூவும், விளக்கு வந்துவிட்டது என்று. சிறுசு பெருசு, இட்லிக் கடைக்காரர், பள்ளிவாசல் வாசலில் அத்தர் விற்பவர் எல்லோரும் கூவுவார்கள். நான் கூவ மாட்டேன், ஓடுவேன். ஏசியைப் போட வேண்டும், சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடையின் ஜெனரேட்டர் விளக்குக்கும் கல்லாவுக்கும்தான் தாங்கும். ஏசிக்குத் தாங்காது. அறை இருபத்தொன்றிலிருந்து முப்பது வரை ஏறும், மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். ஒரு நாளில் இரண்டு தடவை.

நான் சும்மா இருந்துவிடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் தெர்மாகோல் அட்டை வைத்தேன், வெளிப்பக்கம் கம்பளி தொங்கவிட்டேன். கதவின் சந்துகளை ரப்பர் பட்டையால் அடைத்தேன். மின்சாரம் இல்லாத நேரத்தில் கதவைத் திறக்கக் கூடாது, யாராக இருந்தாலும், என்று சட்டம் போட்டேன். ஒருதடவை லான்மடாப் பேட்டையிலிருந்து பெரிய வியாபாரி ஒருவர், பரிசு கொடுக்க நாலைந்து பெட்டி ஒன்றாக வாங்குபவர், கார் வெளியே நிற்கிறது என்று அவசரப்படுத்தினார். விளக்கு வரட்டும் என்றேன். அவர் பாயைப் பார்த்தார். பாய் கூரையைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்து வாங்கிப் போனார் மனிதர்.

ஊரில் மற்றவர்களின் சரக்கெல்லாம் விளக்குப் போகத் தொடங்கிய முதல் இரண்டு மழைக்காலத்தில் வீணாயிற்று. எங்கள் அறையில் ஒரு சுருட்டில்கூடப் பூஞ்சை இல்லை. முட்டைக்குப் பயந்து, புதுச் சரக்கு வந்ததும் இரட்டைப் பையில் கட்டி, ஜெனரேட்டர் நிற்காமல் ஓடும் பலூடாக் கடை ஒன்றின் ஐஸ் பெட்டியில் மூன்று நாள் வைத்து எடுத்துவிடுவேன், அதனால் வண்டும் இல்லை. மற்ற கடைக்காரர்கள் வந்து என்ன மந்திரம் என்று கேட்டார்கள். பாய் என்னைக் காட்டி, “இந்த அம்மாவோட கைராசி” என்பார். நான் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வேன். பொய் சொல்வானேன், நிறையவே நிமிர்த்திக்கொண்டேன்.

போன வருஷ மழைக்கு முன்பு பாயின் கடைசி மகளுடைய மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். கடையை இனி அவர்தான் பார்ப்பார் என்றார் பாய். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல மாதிரி. கடையில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றே அழைத்தோம். வந்த முதல் வாரமே அறைக்குள் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு டிஜிட்டல் மீட்டரை எடுத்து என் வட்ட ஈரமானி பக்கத்தில் வைத்தார். என் ஊசி எழுபது என்றது. அவருடைய மீட்டர் அறுபத்துநாலு என்றது.

அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. இதை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேட்டார். உப்பு வைத்து என்றேன். நல்லது, நாமும் வைத்துப் பார்ப்போம் என்றார். சூப்பர் மார்க்கெட்டிலிருந்து நீலப் பாக்கெட்டில் தூள் உப்பு வாங்கி வந்து, என் கண் முன்னால் இரண்டு கருவிகளையும் ஒரே டப்பாவில் வைத்து மூடினார். மறுநாள் காலை அவருடைய மீட்டரில் எழுபத்தைந்து. என் ஊசி எண்பத்தொன்றில் நின்றது. கல்லாவில் இருக்கும் பர்மாக்காரப் பெண், என்னை அமா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுபவள், எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

“பதினோரு வருஷமா தப்பு ரீடிங், அக்கா” என்றார் மாப்பிள்ளை.

எனக்கு அவமானமாக இருந்தது. அதிலும் அவர் மெதுவாகச் சொன்னதுதான் அதிகமாக உறைத்தது, சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் என் ஊசியை ஆறு புள்ளி இறக்கித் திருகினார். ஈரம் விடும் எந்திரத்தை ஏற்றி அறையை உண்மையான எழுபதுக்குக் கொண்டுவந்தார். நான் எந்திரத்தில் ஊற்றப் பேட்டரித் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. மின்சாரமும் போய்ப் போய் வந்தது. அறை முப்பதுக்கு ஏறும்போதெல்லாம் ஊசி எழுபத்தைந்து, எழுபத்தாறு என்று போவதைப் பார்த்தேன். சொன்னேன். ஏசி வந்ததும் இறங்கிவிடும் என்றார். இறங்கவும் செய்தது. மூன்றாவது வாரம் கீழ்த்தட்டில் ஒரு பெட்டியைத் திறந்தபோது சுருட்டுகளின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. நல்ல சுருட்டு நாள்பட்டால் அதன் எண்ணெய் வெளியே வந்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும், அது தரத்தின் அடையாளம், அதற்கு விலை அதிகம் என்றார். கைப்பேசியில் படம்கூடக் காட்டினார். நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். பொடி என்றால் விரலில் ஒட்டும். இது ஒட்டவில்லை, சாய்ந்தது. முடி இருந்தது அதற்கு. முகர்ந்தால் மழையில் நனைந்து மூலையில் கிடந்த செருப்பு வாசம். இது பூ இல்லை, தாடி என்றேன். அவர் சிரித்தார். நாலு நாளில் தாடி பச்சையாக மாறியது.

அப்புறம் சிரிப்பு இல்லை. ஏழு பெட்டி போயிற்று. யார் கதவைத் திறந்தது, எத்தனை தடவை, யார் கை ஈரமாக இருந்தது என்று விசாரணை தொடங்கியது. அறைக்குள் போய்வருகிறவள் நான் ஒருத்திதான், ஆகவே பதில் முன்னாலேயே தயாராக இருந்தது. பதினோரு வருஷமாக அளவே தெரியாமல் வைத்திருந்தவர் என்று அவர் பாயிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் கையில் பதில் இல்லாத கோபம் வீட்டுக்குத்தான் போகும். போனேன்.

வீட்டில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு ஜாடிக்குள் கை விட்டேன், விரல் தண்ணீரில் பட்டது. மழைக்காலத்தில் கல்லுப்பு அழும், அது எல்லா வீட்டிலும் நடப்பது. ஜாடியின் அடியில் கசப்புத் தண்ணீர் தேங்கும், அதைக் கொட்டிவிட்டு மேலிருப்பதை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன். அன்றைக்குத்தான் அந்தக் கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றேன். கடையில் மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன நீலப் பாக்கெட் வாய் திறந்துதான் கிடக்கிறது, அதே மழையில். அது இந்த அளவுக்கு அழவில்லை. அப்படியானால் இந்த இரண்டும் ஒரே உப்பு இல்லை. கல்லுப்புக்குள் கடலின் வேறு ஏதோ கசப்பு இருக்கிறது, அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. நான் வைத்த டப்பாவில் காற்று எழுபத்தைந்து இருந்திருக்காது. ஊசி முதல் நாள் அறுபத்தொன்பது என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் அதன் காதைத் திருகி எழுபத்தைந்து சொல்ல வைத்திருக்கிறேன்.

சோறு குழைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்தார்.

மறுநாள் மதியம் ஒரு பொட்டலம் கல்லுப்போடு கடைக்குப் போனேன். இரண்டு டப்பா. ஒன்றில் நீலப் பாக்கெட், ஒன்றில் கல்லுப்பு. மாப்பிள்ளையிடம் ஒரே மாதிரி மீட்டர் இரண்டு இருந்தன, கேட்டு வாங்கி டப்பாவுக்கொன்று வைத்து மூடினேன். அடுத்த நாள் காலையில் பாய், மாப்பிள்ளை, கல்லாப் பெண் மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தித் திறந்தேன். நீலப் பாக்கெட்டில் எழுபத்தைந்து. கல்லுப்பில் அறுபத்தொன்பது.

மாப்பிள்ளைக்கு உடனே புரிந்துவிட்டது, கெட்டிக்காரர்தான். என் தப்பை நானே நிரூபித்துவிட்டதாக அவர் பாயிடம் விளக்கினார். பாய்க்கும் மனசு லேசானது தெரிந்தது. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும் என்று ஒரு வார்த்தை வேடிக்கையாகச் சொன்னார். பிறகு, மாப்பிள்ளையிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையைப் பார், இதோடு முடிந்தது என்றார்.

நான் சொல்ல வந்ததில் பாதிதான் அது. மீதியையும் சொன்னேன். பதினோரு வருஷம் இந்த அறை எழுபதில் இல்லை, அறுபத்துநாலில் இருந்தது. அந்த அறுபத்துநாலில் இருந்ததால்தான் விளக்குப் போய் அறை முப்பதுக்கு ஏறியபோதும் ஈரம் எழுபதைத் தாண்டவில்லை. தாண்டாததால் பூஞ்சைக்கு இடமில்லை. ஊரெல்லாம் காகிதத்தைப் பார்த்துச் சரியாக எழுபது வைத்தார்கள், சரக்கை இழந்தார்கள். நாங்கள் தப்பாக வைத்துப் பிழைத்தோம். காகிதம் எழுதினவர் ஊரில் ஏசி அணைவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மறுபடி அறுபத்துநாலுக்குக் கொண்டுவாருங்கள் என்றேன்.

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டார். உலகம் முழுக்க எழுபதுதான், தெரியாமல் செய்த ஒன்றை இப்போது கெட்டிக்காரத்தனம் ஆக்க வேண்டாம் என்றார். அது நியாயமான அடிதான். தெரியாமல் செய்ததுதான். ஆனால் அன்றைக்குத் தெரிந்துவிட்டதே.

“ஒரு வார்த்தை சொல்லிடும்மா, பெரிய விஷயமா இது” என்றார் பாய்.

“தப்பை ஒத்துக்கிட்டேன் பாய். அதுக்குத்தான் டப்பா வச்சுக் காட்டினேன். மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன். கேட்டா அந்த எழுபது சரின்னு ஆயிடும். மிச்சப் பெட்டியெல்லாம் போயிடும்.”

பாய் மேசைமேல் இருந்த இரண்டு டப்பாவையும் மூடினார். அவருக்கு வயதாகிவிட்டது, மகள் பல வருஷத்துக்குப்பின் பக்கத்தில் வந்து இருக்கிறாள். மாப்பிள்ளையின் சொல்லைத் தள்ள அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும். சாவியைக் கேட்டார். இடுப்பிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்தேன். சாவி போனால் வேலையும் போன மாதிரிதான், பையை எடுத்துக்கொண்டேன். கல்லாப் பெண் கல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சுமை தூக்கி முழங்கால் போனவர். நான்கு வருஷமாக என் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது. முதல் நாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள், போய் ஒரு மன்னிப்புக் கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்றார். மூன்றாம் நாள் எண்ணெய் வாங்கக் கையிலிருந்த காசை எண்ணிப் பார்த்தோம். நாலாம் நாள் நானே கேட்டுவிடலாமா என்று யோசித்தேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். மாடிப்படியில் இறங்கும்போது அந்தக் கீழ்த்தட்டு ஞாபகம் வந்தது. பெட்டிகளை நான் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அவற்றின் விலையில் ஒரு காசு என்னுடையதில்லை. ஆனாலும் எழுபதில் அவை தாடி முளைத்துச் சாகும் என்று தெரிந்துகொண்டு, எழுபதே சரி என்று என் வாயால் எப்படிச் சொல்வேன். திரும்பி ஏறிவிட்டேன். ஐந்து மாடி. வீட்டுக்காரர் கேட்டதற்கு, மழை என்றேன். மழை இல்லை.

கல்லாப் பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தாள். பர்மீஸில் கிசுகிசுவென்று பேசுவாள். பூஞ்சை இரண்டாவது தட்டுக்கும் ஏறிவிட்டது என்றாள். ஒரு நாள் முழுக்க விளக்கே வரவில்லை, அறைக்குள் போனால் குளியலறை மாதிரி இருக்கிறது என்றாள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டேன். அவர் மாடியில் தகர டப்பா இரண்டு வைத்திருக்கிறார், ஏசி இல்லாத அறையில், ஒவ்வொன்றிலும் நாலு சுருட்டும் ஒரு மீட்டரும் என்றாள். ஒன்றை அறுபத்துநாலில் மூடியிருக்கிறாராம், இன்னொன்றை எழுபதில். தினம் காலையில் போய்ப் பார்க்கிறாராம். அதைக் கேட்டதும் அந்த மனிதர்மேல் எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது. கோபம் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கீழே தெருவிலிருந்து “அக்கா” என்று குரல் கேட்டது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, யாங்கோனில் பழைய கட்டடம் எதிலும் கிடையாது. ஒவ்வொரு வீட்டுப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவுக்குத் தொங்கும், நுனியில் ஒரு கிளிப்பு. பேப்பர், காய்கறிப் பை, மின்சார பில் எல்லாம் அதில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வோம். மழைக்காக என் கயிற்றைச் சுற்றி மேலே வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை தனியாக நின்றார். கையில் சாவி.

கீழே டீக்கடை நிறைந்திருந்தது. வெற்றிலைக்காரர் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். எதிர்வீட்டுப் பால்கனியில் இரண்டு பெண்கள் துணி உலர்த்துகிற சாக்கில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் என் பின்னால் வந்து, மேலே கூப்பிடு, பாவம் என்றார்.

“சாவி கொண்டாந்திருக்கேன்” என்றார் மாப்பிள்ளை, கழுத்தை வளைத்து மேலே பார்த்து.

“எத்தனை?” என்று கேட்டேன்.

அவருக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும், என்ன எத்தனை என்றார். ரூமை எத்தனையில் வைக்கப்போகிறீர்கள் என்றேன். அவர் டீக்கடையைப் பார்த்தார், வெற்றிலைக்காரரைப் பார்த்தார், தன் காலணியைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது. உதடு அசைந்ததிலேயே தெரிந்தது.

“காதுல விழலை மாப்பிள்ளை. அஞ்சு மாடி” என்றேன்.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார்.

“அறுபத்துநாலு” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

நான் கயிற்றை இறக்கினேன்.